கணப்பில் விறகுத் தீ: புகையில்லாமல் சீக்கிரம் மூட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

கணப்பில், அதாவது சுவரோடு கட்டிய ஃபயர்பிளேஸில், தீ மூட்டத் திணறுகிறவர்கள் பெரும்பாலும் எடுத்தவுடன் தீப்பெட்டியைத் தேடுகிறார்கள். தீக்குச்சி உரசுவது இந்த வேலையில் கடைசிப் படி. அதற்கு முன்னால் புகைப்போக்கி, விறகு, அடுக்கு இந்த மூன்றும் இதே வரிசையில் சரியாக அமைந்துவிட்டால் ஒரே குச்சியில் தீ பிடித்து, கால் மணி நேரத்தில் கணப்பின் முன்னால் உட்கார்ந்து குளிர் காயலாம். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும், பெட்டிக் குச்சி தீர்ந்த பிறகு கண்ணெரிச்சல்தான் மிஞ்சும்.

நீலகிரி வீடுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் பழைய பங்களாக்களிலும், பல ஹோம்ஸ்டேக்களிலும் செங்கல் கணப்பு இருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் கணப்பு அங்கே உண்மையான தேவை. கொடைக்கானலுக்கும் நுவரெலியாவுக்கும் முறை இதேதான், கிடைக்கிற மரம் மட்டும் கொஞ்சம் மாறும்.

1. முதல் வேலை: புகைப்போக்கி திறந்திருக்கிறதா?

சாயங்காலம் குளிர ஆரம்பித்த பிறகு இதைப் பார்க்காதீர்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். கணப்புக்குள் தலையை விட்டு மேலே பார்த்தால் எங்கேயாவது வெளிச்சம் தெரிய வேண்டும். குனிய முடியாதவர்கள் கைபேசியில் முன்பக்க கேமராவை ஓடவிட்டு, திரை மேலே பார்க்கும்படி உள்ளே நீட்டி ஒரு வீடியோ எடுத்துப் பார்த்தால் போதும். சில புகைப்போக்கிகள் நடுவில் வளைந்து போகும், அவற்றில் வெளிச்சம் தெரியாது. அதற்குக் கீழே சொல்லும் ஊதுவத்திச் சோதனை உதவும்.

கணப்பின் தொண்டைப் பகுதியில், அதாவது அது புகைப்போக்கியோடு சேரும் குறுகலான இடத்தில், இரும்புத் தகடு ஒன்று இருக்கலாம். டேம்பர் என்பார்கள். குளிர்காற்று இறங்காமலிருக்க அதை மூடி வைப்பது வழக்கம். ஒரு நெம்புகோலோ சங்கிலியோ இருக்கும். திறந்தால் தகடு நகரும் சத்தம் கேட்கும். பழைய வீடுகளில் தகடே இல்லாமல், குரங்கும் பறவையும் இறங்காமலிருக்க மேலே தகரத்தையோ சாக்கையோ செருகி வைத்திருப்பதும் உண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம், "அண்ணா, சிம்னி கடைசியா எப்ப பத்த வச்சீங்க? மேல ஏதாவது அடைச்சிருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு ராத்திரியைக் காப்பாற்றும்.

அடுத்தது ஊதுவத்திச் சோதனை. ஒரு வத்தியைப் பற்றவைத்து தொண்டைப் பகுதிக்கு நேர் கீழே பிடியுங்கள். புகை மேலே இழுக்கப்பட்டால் நல்லது. அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் புகைப்போக்கி குளிர்ந்து கிடக்கிறது, 6ஆம் படி உங்களுக்கு அவசியம். புகை அறைப் பக்கம் திரும்பினால் அடைப்பு இருக்கலாம், அல்லது வீட்டின் வேறு மூலையில் ஏதோ ஒன்று காற்றை இழுக்கிறது. குளியலறையிலும் சமையலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். கதவு ஜன்னல் இறுக்கமாக மூடிய வீட்டில் அந்த ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, புகைப்போக்கி வழியே காற்று உள்ளே இறங்கும். ஃபேனை நிறுத்தி, கணப்பு இருக்கிற அறையின் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

அப்போதும் புகை கீழேயே இறங்கினால், அல்லது உள்ளே கூடு தெரிந்தால், அன்று தீ மூட்ட வேண்டாம். ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். தொடர்ந்து பயன்படுத்தும் புகைப்போக்கியை வருடத்துக்கு ஒரு முறையாவது சுரண்டிப் பார்க்க வேண்டும். ஈர விறகின் புகை குளிர்ந்த சுவரில் பட்டுத் தார் மாதிரி ஒரு கரும்பிசினாகப் படியும். அது எரியக்கூடியது. புகைப்போக்கிக்குள் தீப்பிடிப்பது பெரும்பாலும் அந்தப் படிவத்தால்தான்.

2. விறகு: மரத்தின் பெயரைவிட அது காய்ந்திருப்பது முக்கியம்

பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். நீங்கள் வைக்கும் தீ முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கத்தான் செலவாகும். அது முடியும்வரை கட்டை சூடேறாது. கட்டை சூடேறாமல் அதிலிருந்து எரியும் வாயு வராது. நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். ஈரக் கட்டையைச் சீறிக்கொண்டே கருக வைக்கலாம், எரிய வைக்க முடியாது. கணப்புக்கு ஏற்ற விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

அளக்கும் கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். வெட்டு முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கீறல் ஓடியிருந்தால் காய்ந்திருக்கிறது. பட்டை கையோடு கழன்று வந்தால் அதுவும் நல்ல அறிகுறி. ஐயம் இருந்தால் ஒரு கட்டையைப் பிளந்து, உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று ஒட்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. கருவி வைத்திருக்கிறவர்களும் புதிதாகப் பிளந்த முகத்தில்தான் குத்திப் பார்க்க வேண்டும். வெளித்தோல் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும்.

நீலகிரியில் விறகு காய வைப்பதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, நடுவில் பனிமூட்டம். ஜனவரி முதல் மே வரைதான் வெயில் நம்பகமானது. ஜனவரியில் விறகு வாங்கி, உடனே பிளந்து, தரையில் படாமல் கற்களின் மேல் அடுக்கி, மேல்பக்கம் மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டால் அந்த வருட டிசம்பருக்குத் தயாராகிவிடும். தார்ப்பாயால் முழுக்கச் சுற்றி மூடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் விறகு பூஞ்சை பிடிக்கும்.

பிளப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். முழு உருளையின் பட்டை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், காய்ந்த பிறகு நார் முறுக்கிக்கொண்டு கோடாலியை விழுங்கிவிடும். அதைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும்.

மரங்களில் எனக்குப் பிடித்தது சீகை, அதாவது வாட்டில். கனமானது, நிதானமாக எரிந்து நல்ல தணல் விடும். கற்பூர மரமும் நல்ல சூடு தரும், ஆனால் பிடிக்க நேரமாகும், அதனால் அது கீழ் அடுக்குக்குத்தான். சில்வர் ஓக் சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் தீரும். பைன், சைப்ரஸ் இரண்டிலும் பிசின் உண்டு. தீ மூட்டும் மெல்லிய சிராய்க்கு அருமை, முழுக் கட்டையாகப் போட்டால் பொறி தெறிக்கும். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிய மிளார் கிடைத்தால் விடாதீர்கள். கட்டைவிரல் பருமனில், உறுதியாக, நடு அடுக்குக்கென்றே வெட்டி வைத்த மாதிரி இருக்கும்.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பழைய மரச்சாமான், பால் பாக்கெட், பிளாஸ்டிக் எதுவும் கணப்புக்குள் போகக்கூடாது. நச்சுப்புகை நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குத்தான் முதலில் வரும். விறகு வாங்கும் இடமும் முறையானதாக இருக்கட்டும். மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்து மரமென்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. காப்புக்காட்டில் போய்ப் பொறுக்குவதும் கூடாது.

3. அன்றைய விறகை முன்கூட்டியே உள்ளே கொண்டுவாருங்கள்

நன்றாகக் காய்ந்த விறகுகூட பனிமூட்டத்தில் வெளியே கிடந்தால் மேல்தோலில் ஈரம் ஏறும். முதல் ஐந்து நிமிடம் எரிய வேண்டியது அந்த மேல்தோல்தான். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டிய விறகை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கணப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். சூடான செங்கல்லை ஒட்டி அடுக்கி வைத்து அங்கேயே தீப்பிடித்த கதைகள் உண்டு.

4. மூன்று அளவு, கைக்கெட்டும் தூரத்தில்

பாதியில் எழுந்து சுள்ளி தேடப் போனால் தீ அணைந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகே அடுக்கத் தொடங்குங்கள். ஒரு தீக்கு வேண்டியவை இவை:

பற்றுபொருள். கறுப்பு வெள்ளை செய்தித்தாள் ஐந்தாறு தாள். ஒவ்வொன்றையும் நீளமாக முறுக்கி ஒரு முடிச்சு போடுங்கள். கசக்கிய உருண்டை அரை நிமிடத்தில் கரியாகிப் பறந்துவிடும், முடிச்சு இரண்டு மூன்று நிமிடம் நிற்கும். வழவழப்பான வண்ணத் தாள் வேண்டாம், அது சரியாக எரியாமல் சாம்பல் செதில் செதிலாக நிற்கும். தேங்காய் நார், காய்ந்த பாளைத் துண்டு, உரிந்து விழுந்த கற்பூர மரப்பட்டை எதுவும் சரி. பட்டையில் எண்ணெய் இருப்பதால் சடாரென்று எரியும், கொஞ்சமாகப் போடுங்கள்.

சிராய். சுண்டுவிரல் பருமனில் பத்துப் பதினைந்து. புதியவர்கள் மிகவும் கஞ்சத்தனம் காட்டுவது இதில்தான். தாளிலிருந்து நேரே கட்டைக்குத் தாவப் பார்க்கிறார்கள். தாளின் சூடு கட்டையைத் தொடும்போதே தீர்ந்துவிடும். நடுவில் இருந்து சூட்டை வாங்கிக் கொடுப்பது சிராய். போதுமென்று தோன்றும் அளவை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

நடுவிறகு. கட்டைவிரல் முதல் மணிக்கட்டு பருமன் வரை ஆறேழு துண்டு.

கட்டை. எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் தடிமனில், பிளந்த முகம் உள்ளதாக மூன்று. பிளந்த முகத்தின் கூர்விளிம்பு பட்டையைவிட வேகமாகத் தீப்பிடிக்கும்.

கூடவே நீளத் தீக்குச்சி, இடுக்கி, ஊதுகுழல், பொறி தெறிக்காமலிருக்கக் கம்பி வலைத் தடுப்பு, மூடியுள்ள இரும்பு வாளி.

"அண்ணா, கொஞ்சம் மண்ணெண்ணெய் இருக்கா?" என்பது தங்க வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், தின்னர் எதுவும் வேண்டவே வேண்டாம். பாதி எரிந்த கட்டையின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினால் அடியில் கிடக்கும் கங்கின் சூட்டில் அது ஆவியாகி, ஒரே நொடியில் முகத்துக்கு நேரே வெடித்துப் பிடிக்கும். உதவி வேண்டுமென்றால் விளக்குத் திரி நாலைந்தைச் சமையல் எண்ணெயில் நனைத்து சிராய்களுக்கு நடுவில் வையுங்கள், நிதானமாக நின்று எரியும். கற்பூரம் இரண்டு வில்லை வைத்தாலும் போதும். அடிக்கடி தீ மூட்டுகிறவர்கள், காகித முட்டை அட்டையின் குழிகளில் மரத்தூளை நிரப்பி உருக்கிய மெழுகை ஊற்றி ஆறவைத்து, ஒவ்வொரு குழியாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் அது தாளைவிட எவ்வளவோ மேல்.

5. அடுக்கும் முறை

முதலில் சாம்பல். முழுக்க அள்ளிவிடாதீர்கள், இரண்டு சென்டிமீட்டர் அளவு தரையில் இருக்கட்டும். குளிர்ந்த செங்கல் தீயின் சூட்டை உறிஞ்சாமல் அந்தப் படுக்கை தடுக்கும், கங்கையும் அணையாமல் பிடித்து வைக்கும். இரும்புத் தட்டி உள்ள கணப்பென்றால் தட்டிக்குக் கீழே காற்று போக இடைவெளி விடுங்கள். சாம்பல் தட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால் தீ மூச்சுத் திணறும்.

அடுக்கைப் பின்சுவரை ஒட்டிக் கட்டுங்கள். முன்னால் கட்டினால் புகை தொண்டைப் பகுதிக்குள் போகாமல் கணப்பு வாயின் மேல்விளிம்பில் இடித்து அறைக்குள் திரும்பும். பின்சுவர் சூடேறி அந்தச் சூட்டை அறைப் பக்கம் வீசுவது இன்னொரு லாபம். அடுக்கின் உயரம் கணப்பு வாயின் பாதியைத் தாண்ட வேண்டாம்.

நம் வீட்டு அடுப்புப் பழக்கத்தில் தீ கீழே, விறகு மேலே. கணப்பில் அதைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். பெரியது கீழே, சின்னது மேலே, தீ உச்சியில். பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். காரணம் இருக்கிறது. கீழே தீ வைத்தால் மேலே கிடக்கும் குளிர்ந்த கட்டைகள் சூடேறும்போது விடும் புகை எரியாமல் அப்படியே போகும். உச்சியில் தீ வைத்தால், கீழ் விறகு விடும் புகை சுவாலை வழியாக ஏறித்தான் போயாக வேண்டும். போகிற வழியில் எரிந்துவிடும். புகையாகப் போயிருக்க வேண்டியது சூடாக மாறும். அதோடு சுவாலை தொண்டைப் பகுதிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் புகைப்போக்கி முதல் நிமிடத்திலிருந்தே சூடேறும். கட்டை எரிந்து சரிந்து தீயை அமுக்கிவிடும் தொல்லையும் கிடையாது.

அடுக்குவது இப்படி. மூன்று கட்டைகளையும் பின்சுவருக்கு இணையாகப் படுக்க வையுங்கள், ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி. பிளந்த முகம் மேலே பார்க்கட்டும். இடைவெளியே இல்லாமல் நெருக்கினால் காற்று போகாது, அதிகம் விலக்கினால் ஒன்றின் சூடு மற்றதை எட்டாது. எதிரெதிரே இருக்கும் இரண்டு சூடான முகங்கள்தான் ஒன்றையொன்று எரிய வைக்கின்றன. தனிக் கட்டை கணப்பில் நிற்காததற்கு அதுவே காரணம்.

அதன் மேல் குறுக்கே நடுவிறகு நாலைந்து. அதற்கும் குறுக்கே மீதி இரண்டு மூன்று. அதன் மேல் சிராய், இரண்டு மூன்று வரிசை, ஒவ்வொரு வரிசையும் முந்தியதற்குக் குறுக்காக. உச்சியில் தாள் முடிச்சுகள். முடிச்சு உருண்டு விழாமலிருக்க அதன் மேல் இரண்டு சிராயைப் பாரமாக வையுங்கள்.

விறகு அவ்வளவு காயவில்லை என்று தெரிந்தால் இந்த முறை கைகொடுக்காது. சிறு தீ ஈரக் கட்டைக்குள் இறங்கத் தெம்பில்லாமல் உச்சியிலேயே தீர்ந்துவிடும். அப்போது பழைய வழியே நல்லது. இரண்டு நடுவிறகை இணையாக வைத்து, நடுவில் தாளும் நிறைய சிராயும் நிரப்பி, மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சதுரக் கூடு கட்டுங்கள். கட்டையை அப்போதைக்கு வைக்காதீர்கள். கூடு நன்றாகக் கொழுந்துவிட்ட பிறகு, இருப்பதில் மிகக் காய்ந்த கட்டையாகப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். புகை கொஞ்சம் வரத்தான் செய்யும்.

6. புகைப்போக்கியைச் சூடாக்குங்கள்

பல நாள் பற்றவைக்காத புகைப்போக்கிக்குள் குளிர்ந்த காற்று ஒரு தூண் போல நிற்கும். குளிர்ந்த காற்று கனமானது. உங்கள் தீயின் முதல் புகைக்கு அதைத் தள்ளிக்கொண்டு மேலே போகத் தெம்பு இருக்காது. கல் காயாமல் தோசை மாவை ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். வெளிச்சுவரோடு ஒட்டிக் கட்டிய புகைப்போக்கிகளில் இந்தத் தொல்லை அதிகம்.

ஒரு தாளை நீளமாகச் சுருட்டி முனையைப் பற்றவைத்து, இடுக்கியில் பிடித்தபடி தொண்டைப் பகுதிக்குள் உயர்த்திக் காட்டுங்கள். முதலில் சுவாலை தயங்கி ஆடும். பிறகு ஒரு கணத்தில் நேராக நிமிர்ந்து மேலே நீளும், 'உஸ்' என்று மெல்லிய இழுவைச் சத்தம் கேட்கும். அந்த மாற்றத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. தேவைப்பட்டால் இன்னொரு தாளும் காட்டுங்கள். இழுவை வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்தே இருக்கட்டும். எரியும் தீ அறைக்காற்றை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும், அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். குளிருக்குப் பயந்து கதவிடுக்கில் துணி அடைத்து, ஜன்னலையும் தாழிட்டுவிட்டு, "புகை உள்ளே வருது" என்கிறவர்கள் ஏராளம்.

7. இப்போது தீக்குச்சி

தாள் முடிச்சுகளை மூன்று இடத்தில் பற்றவையுங்கள். இரண்டு ஓரம், ஒரு நடு. ஒரே இடத்தில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் எரிந்து அடுக்கு சாயும். கம்பி வலையை முன்னால் வைத்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கை வைக்காமல் உட்காருங்கள்.

நிறையப் பேர் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். தாள் எரிந்து முடிந்து சிராய் பிடிக்கும் நேரத்தில் சுவாலை சற்று அடங்கும். அணைந்துவிட்டதாக நினைத்து, கிளறி, தாளைத் திணித்து, பெரிய கட்டையை மேலே போட்டு அமுக்கிவிடுகிறார்கள். சிராய்களுக்கு நடுவில் சேர்ந்துகொண்டிருந்த சூட்டைக் கிளறல் சிதறடித்துவிடும். ஒரு துண்டு எரிந்து, பக்கத்துத் துண்டைச் சூடாக்கி, அது திரும்ப முதல் துண்டைச் சூடாக்கித்தான் தீ நிலைக்கிறது. அந்த வட்டத்தை உடைக்காதீர்கள்.

உண்மையிலேயே சோர்ந்துபோனால், சுவாலை இல்லாமல் சிவப்பு மட்டும் தெரிந்தால், ஊதுகுழலை எடுங்கள். சிவப்பாகத் தெரியும் இடத்தின் அடிப்பக்கம் பார்த்து நீளமாக, மெதுவாக ஊதுங்கள். படபடவென்று விசிறினால் சாம்பல்தான் பறக்கும். மூச்சு இழுக்கும்போது குழலிலிருந்து வாயை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புகை நெஞ்சுக்குள் போகும்.

சரியாக அடுக்கிய தீ இருபது நிமிடத்தில் நடுவிறகுக்கும், அரை மணிக்குள் கட்டைக்கும் இறங்கிவிடும். அதுவரை எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

8. கட்டை சேர்ப்பது

கீழ்க் கட்டைகளில் கங்கு படர்ந்து, மேல் அடுக்கு உள்ளே சரிந்ததும் அடுத்த கட்டைக்கு நேரம் வந்துவிட்டது. சுவாலை முழுக்க அடங்கும்வரை காத்திருக்காதீர்கள். இடுக்கியால் கங்கைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, புதுக் கட்டையைப் பின்னால், பிளந்த முகம் கங்கைப் பார்க்கும்படி வையுங்கள். ஒரு தடவைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. மூன்று நான்கை ஒரே நேரத்தில் போட்டால் எல்லாம் சேர்ந்து சூட்டை உறிஞ்சி, அறை புகையால் நிறையும்.

முனையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு 'சுர்ர்' என்று சீறினால் அது ஈரக் கட்டை. வெளியே எடுக்கப் பாடுபட வேண்டாம், ஓரத்துக்குத் தள்ளி, அடுத்ததாகக் காய்ந்ததைப் போடுங்கள். தீயைக் குறைத்து நீண்ட நேரம் புகைய விடுவது சிக்கனம் மாதிரித் தெரியும். அந்தப் புகைதான் முதல் படியில் சொன்ன கரும்பிசினாகப் படிகிறது. சின்னத் தீயாக இருந்தாலும் சுவாலையோடு எரியட்டும்.

9. அறைக்குள் புகை வந்தால்

எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். பற்றவைத்தவுடன் வந்தால் குளிர்ந்த புகைப்போக்கி, 6ஆம் படிக்குத் திரும்புங்கள். நன்றாக எரியும்போது விட்டுவிட்டு வந்தால் வெளியே காற்று சுழன்று அடிக்கிறது, அல்லது யாரோ எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறார்கள். கட்டை போட்டதும் வந்தால் ஈர விறகு, அல்லது ஒரே நேரத்தில் அதிகம் போட்டுவிட்டீர்கள். எந்நேரமும் வந்தால் தீ முன்னால் தள்ளியிருக்கிறது, அல்லது டேம்பர் பாதிதான் திறந்திருக்கிறது. அதுவும் இல்லையென்றால் மேலே அடைப்பு.

புகைப்போக்கிக்குள்ளிருந்து ரயில் ஓடுவது மாதிரி இரைச்சல் கேட்டு, கூரை மேல் பொறி பறந்தால் உள்ளே தீப்பிடித்துவிட்டது. தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான செங்கல் வெடிக்கும். எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு 101க்கு அழையுங்கள்.

10. தூங்கப் போகுமுன்

கடைசிக் கட்டையைத் தூங்குவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். சுவாலை அடங்கிக் கங்கு மட்டும் மினுங்கும்போது கணப்பு அழகாகவும் அமைதியாகவும் இருக்கும். ஆபத்தும் அப்போதுதான் அதிகம். கங்கு, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டிருக்கும். சூடு வெளியே போகிறதே என்று டேம்பரை மூடினால் அது அறைக்குள் தங்கும். கடைசிக் கங்கு அணைந்து சாம்பல் ஆறும்வரை டேம்பர் திறந்தே இருக்க வேண்டும், ஜன்னலின் இரண்டு விரல் இடைவெளியும்.

அதைவிட முக்கியம்: கணப்பிலிருந்தோ பார்பிக்யூ அடுப்பிலிருந்தோ தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்திகள் மலை ஊர்களிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கின்றன. தலைவலி, குமட்டல், காரணமில்லாத அசதி ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தால் எல்லோரும் உடனே வெளியே வந்து 108ஐ அழையுங்கள். கணப்பை அடிக்கடி பயன்படுத்தும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டிவிடுங்கள்.

அவசரமாக அணைக்க வேண்டியிருந்தால் கட்டைகளை இடுக்கியால் விலக்கி நிறுத்தி, கங்கின் மேல் சாம்பலையோ உலர்ந்த மணலையோ மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் சாம்பல் நீராவியோடு எழுந்து அறை முழுக்கப் படியும், செங்கல்லும் விரியும்.

11. மறுநாள் சாம்பல்

மேலே வெளுத்து ஆறினதாகத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு கிடக்கும். பிளாஸ்டிக் வாளி, அட்டைப்பெட்டி, குப்பைக்கூடை எதிலும் கொட்டாதீர்கள். இரும்பு வாளியில் அள்ளி, மூடி, மரத்தரையிலோ மரத் திண்ணையிலோ வைக்காமல் வெளியே கல்லின் மேல் வைத்து, நாலு நாள் கழித்து எடுங்கள். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதும் கூடாது, ஒரு கங்கு போதும் அதன் பைக்குள் தீப்பிடிக்க. எரியாமல் மிஞ்சிய கரித்துண்டுகளைத் தனியே பொறுக்கி வையுங்கள். அடுத்த தீயில் நடுவிறகுக்கு நடுவில் போட்டால் சீக்கிரம் தணல் சேரும்.

ஆறிய சாம்பலைத் தோட்டத்தில் போடுகிறவர்கள் எந்தச் செடிக்கு என்று பார்த்துப் போடுங்கள். மரச்சாம்பல் காரத்தன்மை உள்ளது. முட்டைக்கோஸ், பூண்டுப் பாத்திகளில் கொஞ்சமாகத் தூவலாம். தேயிலைக்கு அமிலமண் வேண்டும், அசேலியாவுக்கும் அப்படித்தான். அவற்றின் அடியில் கொட்டாதீர்கள்.